ஆறு கார் போன்களும் ஒரு சோற்றுத் தட்டும்

2001 மார்ச் 7, புதன்கிழமை. முசஃபா, காலை 5.30.

அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்து டாக்சிக்குக் காத்திருந்தேன். பெட்டிக்குள் ஆறு கார் போன்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அதோடு இருக்கைக்கு அடியில் வைக்கும் பெட்டி, ஒயர், ஏரியல் என்று தனிக் குடும்பமே இருந்தது. இவற்றை எடுத்துக்கொண்டு அபுதாபியிலிருந்து ஓமானின் அல் அஷ்காரா என்ற மீன்பிடி ஊருக்குப் போகிறேன். எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

நான் கார் எலக்ட்ரீஷியன். அபுதாபியை ஒட்டிய, கராஜ்கள் நிறைந்த முசஃபாவுக்கு வந்த புதிதில் என் பாதி வேலை கார் போன் பொருத்துவதுதான். பின்கண்ணாடியில் சுருள் ஏரியல் நிற்கிற வண்டிக்கு ரோட்டில் தனி மரியாதை உண்டு. போன் வாங்க வசதியில்லாதவர்கள் ஏரியலை மட்டும் ஒட்டிக்கொண்டு போவார்கள். நானே பலருக்கு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது எல்லார் சட்டைப்பையிலும் டிஜிட்டல் போன். பழைய அனலாக் நெட்வொர்க்கை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. பொருத்திய கையாலேயே ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் தம்பி அருள் அல் அஷ்காராவில் லாஞ்சு எனப்படும் மரப்படகில் மீன் பிடிக்கிறான். கடலில் இறங்கினால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அவன் மனைவி ரெஜினா குவைத்தில், மங்காஃபில் நர்ஸ். நிறைமாதம். பிரஷர் ஏறி இறங்குவதால் எந்த நேரமும் ஆபரேஷன் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பிக்குக் குவைத் விசா கிடையாது. தென்மேற்குக் காற்று காலத்தில் படகுகளைக் கரையேற்றினால்தான் லீவும் உண்டு. போன வாரம் ரெஜினா என்னைக் கூப்பிட்டாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

“அவரு பக்கத்துல இருக்கணும்னு நான் கேக்கல அத்தான். நான் கூப்பிட்டா எடுக்கணும், அவ்வளவுதான்.”

லாஞ்சில் ஒரு அனலாக் கார் போன் இருந்தது. உப்புத்தண்ணீர் ஏறி அது செத்துப்போயிருந்தது. படகின் முதலாளி சலீம் எங்கள் கராஜ் முதலாளிக்குச் சொந்தக்காரர். “உன் அலமாரியில் கிடக்கிறதே, அதைக் கொடுத்தனுப்பு” என்று அவர் கேட்க, எங்கள் முதலாளி தன்னிடமிருந்த என் பாஸ்போர்ட்டையும் விசாப் பேப்பரையும் கையில் கொடுத்து நாலு நாள் லீவும் கொடுத்தார். ஒன்று போதும். ஆனாலும், இருக்கட்டுமே என்று ஆறையும் கட்டிக்கொண்டேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். என் அவசரத்துக்கு அண்டாவே பெட்டியில் ஏறிவிட்டது.

காலை 8.40. அல் ஐன்.

அபுதாபி பஸ் நிலையத்துக்கு டாக்சி பதினைந்து திர்ஹாம், அங்கிருந்து அல் ஐனுக்குப் பஸ் பத்து திர்ஹாம். நூற்று அறுபது கிலோமீட்டர் முழுக்க சாலையின் இருபுறமும் சொட்டுநீரில் வளர்த்த மரங்கள். மரங்களுக்குப் பின்னால் மணல், மரியாதை தெரிந்த விருந்தாளி மாதிரி ஒதுங்கி நிற்கிறது.

அல் ஐனை ஒட்டியே ஓமானின் புரைமி. நடுவில் வேலியும் இல்லை, கேட்பாரும் இல்லை. ஒரு தெருவில் திர்ஹாமுக்குத் தேநீர் குடித்து, அடுத்த தெருவில் ரியாலுக்கு டாக்சி பேசினேன். உண்மையான சோதனைச்சாவடி ஐம்பது கிலோமீட்டர் தள்ளி மலைக்குள் இருக்கிறது.

காலை 10.30. வாதி ஜிஸ்ஸி சோதனைச்சாவடி.

சாவடிக்கு வரும் வழியிலேயே என் டிஜிட்டல் போனில் சிக்னல் கோடுகள் பொசுக்கென்று காணாமல் போயின. நான் வைத்திருந்த சிம் எல்லை தாண்டாது. நாலு கோடு, மூன்று கோடு, அப்புறம் ஒன்றுமில்லை.

அதிகாரி இளைஞர். பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, ஆறு போன்களையும் வரிசையாக மேசையில் வைத்தார். வியாபாரமா என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். ஒரு தம்பிக்கு ஆறா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரபியில் படகு, கடல், பிள்ளைப்பேறு மூன்றையும் சொல்லி, நடுவில் நிறைய கையை ஆட்டினேன். அவர் ஒரு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, “மாஃபி” என்றார். இல்லை என்று அர்த்தம். பாட்டரி கொடுத்தால்தான் பேசும் என்று நான் பெரிய மனிதன் போல விளக்கினேன். அவர் வாய்முகூர்த்தம் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

மாலை 4.15. ருவி, மஸ்கத்.

சோஹாருக்கு இரண்டு ரியால், அங்கிருந்து ருவிக்கு இரண்டரை. ஒரு ரியால் என்றால் ஒன்பதரை திர்ஹாம். கையில் இருக்கும் பணம் எல்லை தாண்டியதும் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதைப் பார்க்க மனசு அடித்துக்கொண்டது. சோஹாரில் நான் ஏறிய டாக்சியின் பலூச்சி டிரைவர் பெட்டியைப் பார்த்து உருதுவில் விசாரித்தார். கார் போன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. மணலுக்குள் ஒட்டகம் வைத்திருப்பவர்கள் இன்னும் அதை விடவில்லையாம். “பாய், மொபைல் ஊருக்கு. கார் போன் காட்டுக்கு” என்றார்.

இரவு தங்கியது எங்கள் கடற்கரைப் பையன்கள் எட்டுப் பேர் இருக்கும் ரூமில். நெத்திலிக் குழம்பு.

மார்ச் 8, வியாழன். பிற்பகல் 1.30. அல் அஷ்காரா.

காலை ஏழரை பஸ்ஸில் மலைகளைக் கடந்து, இப்ரா வழியாக அல் காமில் என்ற ஊர் முனையில் இறங்கினேன். மூன்று ரியால். அங்கிருந்து ஒரு பிக்கப்பில் ஒன்றரை ரியால். ஜஃலான் தாண்டியதும் மணல் வெண்மையாகி, காற்றில் உப்பு ஏறியது. பிறகு ஒரே திருப்பத்தில் அரபிக்கடல். எங்கள் ஊரிலும் இதே கடல்தான். இங்கே தென்னை மட்டும் இல்லை.

அருள் சாலைக்கே வந்துவிட்டான். வெயிலில் கருத்து, தாடி வளர்த்து, என்னைவிடப் பெரியவன் மாதிரி இருந்தான். நாளை ஜும்மா தொழுகை முடிந்ததும் லாஞ்சு கிளம்புகிறது. சாப்பாட்டுக்குக்கூட நான் உட்காரவில்லை. முதல் போனை பாட்டரியில் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. தேடியது, தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. இரண்டாவதை மாட்டினேன். ஏரியலை மாற்றினேன். லாஞ்சின் கூரை மேல் ஏறி நின்று தூக்கிப் பிடித்தேன். ஆறும் அதே கதை. ஊருக்கு நடுவில் கோபுரம் பனைமரமாய் நிற்கிறது, போன் அதைப் பார்க்க மாட்டேன் என்கிறது.

“எண்ணே, மொத்தமும் கெட்டுப்போச்சா?” என்றான் அருள்.

எங்கே தப்பு என்று பிடிபடாமல் ஒயர்களை மறுபடி பிரித்தேன். பதினோரு வருட மெக்கானிக்.

மாலை 4.30.

மதிய உறக்கம் முடிந்து கடைத்தெரு திறந்ததும், ஊரில் இருந்த ஒரே போன் கடைக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடைக்காரர் வினோத், திருச்சூர்க்காரர். புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

“சேட்டா, இது டாக்ஸ். தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ். இவிட உள்ளது என்.எம்.டி., நானூற்றம்பது. ரெண்டும் அனலாக்தான். பக்ஷே ஒண்ணுக்கு மற்றதோட பாஷை அறியாது.”

அவர் தேநீர் வரவழைத்து விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆரம்ப காலத்தில் கார் போனுக்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான முறை என்று எதுவும் இல்லை. அமெரிக்காக்காரன் ஒன்று செய்தான். அதைக் கொஞ்சம் திருத்தி இங்கிலாந்துக்காரன் தன்னுடையதாக்கினான், அதுதான் டாக்ஸ். வடக்கே குளிர் நாடுகளான சுவீடனும் நார்வேயும் அக்கம்பக்கத்தோடு சேர்ந்து செய்தது என்.எம்.டி. ஜெர்மனிக்கு ஒன்று, ஜப்பானுக்கு ஒன்று. வளைகுடாவில் ஒவ்வொரு நாடும் கைக்கு வந்ததை வாங்கியது. எமிரேட்ஸ், குவைத், பஹ்ரைன் எல்லாம் இங்கிலாந்து வழி. சவூதியும் ஓமானும் குளிர்நாட்டு வழி. ஒரே அரபி பேசுகிறார்கள், ஒரே சோற்றை ஒரே தட்டில் உண்கிறார்கள். காரில் வைத்த போன் மட்டும் அடுத்த நாட்டில் ஊமை.

சவூதியில், யான்புவில் வேலை பார்க்கும் என் சிநேகிதன் ஒருவன் ஒருமுறை சொல்லியிருந்தான், “எங்க ஊரு கார் போன் வேற சாதி” என்று. சவூதிக்காரன் பெருமை பேசுகிறான் என்று நினைத்து நான் காதில் வாங்கவில்லை. இப்போது அது காதில் மணியடித்தது. டிஜிட்டல் வந்த பிறகு எங்கும் ஒரே முறை என்பதால், பழையதும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று நானாக முடிவு கட்டியிருக்கிறேன். பொருத்தியதெல்லாம் நான்தான். ஒரு நாள்கூட ஒன்றின் உள்ளே எழுதியிருந்ததைப் படித்ததில்லை. தம்பி முன்னால் கூனிக் குறுகிப் போனேன்.

என்.எம்.டி. செட் கிடைக்குமா என்று கேட்டோம். விற்பதை நிறுத்தி நாளாகிறதாம். அப்படியானால் ஒரு நல்ல டிஜிட்டல் போன் வாங்கிக்கொள்ளலாமே என்றேன். வினோத் உதவாது என்று தலையை ஆட்டினார். டிஜிட்டல் கோபுரம், பேச்சு போய்வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்தே வேலை செய்கிறது. முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் அந்தக் கணக்கில் இடமே இல்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தாலும் பேசாது. அருளின் லாஞ்சு அறுபது கிலோமீட்டர் போகிறது.

கடையை விட்டு வெளியே வந்ததும் அருள் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது.

“டிஜிட்டலு சொல்லாம கொள்ளாம போயிரும்ணே. பழசு அப்படி இல்ல. மொதல்ல மாவு சலிக்க சத்தம் வரும். கொஞ்சம் போனா மீன் பொரிக்க சத்தம். அதுக்கும் அங்க மழ. மழ வந்தாச்சுன்னா கரை அத்துப் போவப் போவுதுன்னு அர்த்தம். எங்க ஸ்ராங்கு அதக் கேட்டுட்டுத்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கோம்னு சொல்லுவாரு.”

ஸ்ராங்கு என்றால் படகை ஓட்டுபவர். இரைச்சலை அடைக்க நான் வருடக்கணக்காக மல்லுக்கட்டியிருக்கிறேன். இவர்கள் அதைக் கேட்டுத் தூரம் பார்த்திருக்கிறார்கள்.

மாலை 6.00. சலீமின் வீடு.

ஊரில் ஓடுகிற என்.எம்.டி. போன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. சலீமின் பழைய லேண்ட் குரூசரில், கியருக்குப் பக்கத்தில் இருந்தது. நம்பரும் உயிரோடு இருந்தது. அறுபது வயது மனிதர். இளமையில் பம்பாய்க்குப் பேரீச்சை ஏற்றிப் போன குடும்பம், இந்தி தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு மணலுக்குள் நாற்பது ஒட்டகம். அங்கே மேய்ப்பவனோடு பேச அந்தப் போன்தான் வழி.

தப்பான சாமானைச் சுமந்து வந்தவன் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பதால், முதலில் என் முட்டாள்தனத்தைச் சொன்னேன். பிறகு ரெஜினாவின் பிரஷரைப் பற்றியும், அவள் கேட்ட ஒரே விஷயத்தையும் சொன்னேன். சலீம் காவா என்கிற அரபிக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். அருள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குழந்தை பிறக்கிற வரைக்கும்தானே?” என்றார் சலீம் கடைசியில். “எடுத்துக்கோ. பிறந்ததும் கொண்டுவந்து இதே இடத்தில் மாட்டணும். ஒட்டகமும் குட்டி போடும்.”

அவர் சிரிக்கவில்லை. மெய்யாகவே ஒரு ஒட்டகம் சினையாக இருந்தது.

மார்ச் 9, வெள்ளி. காலை 7.00. கடற்கரை.

கழற்றியதையெல்லாம் லாஞ்சில் பொருத்த ஆரம்பித்தபோது அடுத்த சிக்கல் வந்தது. கார் ஏரியலுக்குக் கீழே இரும்புக் கூரை வேண்டும். அதன் மேல் நின்றால்தான் அது முழு பலத்தோடு பேசும். லாஞ்சோ மரம். தகரம் தேடினால் கரையெல்லாம் துரு. கடைகளும் வெள்ளிக்கிழமைப் பூட்டு. அப்போது சமையல் மூலையில் பார்த்தேன்: லாஞ்சின் ஆட்கள் ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய அலுமினியத் தட்டு. நடுவில் துளை போட்டால் கச்சிதம்.

கேட்டதும் ஸ்ராங்கு பதறிவிட்டார். கூலியைக்கூட விட்டுக்கொடுப்பார்கள், சோற்றுத் தட்டை எப்படி விடுவது? பத்து நாள் எதில் சாப்பிடுவது? வயதில் மூத்த ஒரு ராமநாதபுரத்துக்காரர்தான் எழுந்து, “புள்ள பொறக்குற வரைக்கும் சட்டி மூடில தின்னுக்கிட்டா செத்தா போயிருவோம்?” என்று தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

துளை போட்டேன். பாய்மரக் கம்பத்தின் உச்சியில் தட்டைக் கட்டி, அதன் நடுவில் ஏரியலை நிறுத்தினேன். கம்பத்தில் சோற்றுத் தட்டு பறக்கும் லாஞ்சு அந்தக் கரையில் அது ஒன்றுதான். பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்து, நாலு நொடியில் நிலையாக நின்றது. ரெஜினாவுக்கு நம்பரை அப்போதே சொன்னோம். அவள் இரண்டு முறை திரும்பச் சொல்லிச் சரிபார்த்தாள்.

பிற்பகல் 1.45 முதல் 5.30 வரை.

லாஞ்சு போனது. நான் சலீமின் வீட்டு லேண்ட்லைன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அரைமணிக்கு ஒருமுறை அருள் கூப்பிடுவதாக ஏற்பாடு. இரண்டே கால், பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது. மூன்றே முக்கால் அழைப்பில், தன் சட்டைப்பையில் இருந்த டிஜிட்டல் போன் அப்போதே செத்துவிட்டதாகச் சொன்னான். நாலே கால், மாவு சலிக்க ஆரம்பித்தது. ஐந்தே காலுக்கு மீன் பொரிந்தது. ஸ்ராங்கின் கணக்கில் அங்கே ஐம்பது கிலோமீட்டர். “சரிண்ணே, வலை போடணும். நீ போ” என்றான். அவன் குரல் பொரிச்சலுக்குள் அமிழ்ந்து போவது வரை கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பி தூரமாகப் போவதைக் காதால் அளந்தது அன்றுதான். பயமாக இருந்தது, ஆனால் எவ்வளவு பயப்பட வேண்டும் என்றாவது தெரிந்தது.

மார்ச் 11, ஞாயிறு. காலை 11.20. வாதி ஜிஸ்ஸி.

திரும்பும் வழியில் அதே சாவடி, அதே இளைஞர். பெட்டியைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஆறும் திரும்பி வருகிறதா என்று விரலால் கேட்டார். ரிசீவரைக் காதில் வைப்பது போலக் காட்டி “மாஃபி” என்றேன். இந்த முறை இருவருக்கும் அர்த்தம் புரிந்தது. அவர் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை நம்பர் சொன்ன பிறகு ரெஜினாவோடு பேச வழியில்லாமல் இருந்தேன். ருவியில் நேற்று ஒரு போன் கார்டு வாங்கிக் கூப்பிட்டபோது அவள் போனை யாரும் எடுக்கவில்லை. டாக்சிக்குள் என் செத்த போனையே கையில் வைத்திருந்தேன். புரைமி நெருங்கும்போது, போன மாதிரியே சொல்லாமல் கொள்ளாமல் நாலு கோடும் வந்து நின்றன. பத்து நிமிடத்தில் மணி அடித்தது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

“அத்தான், பொம்பளப் பிள்ள. நேத்து காலைல ஆப்பரேசன் பண்ணி எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்.”

அருளுக்குத் தெரியுமா என்றுதான் முதலில் கேட்டேன். பிள்ளையின் எடையைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் ரெஜினா லாஞ்சைக் கூப்பிட்டிருக்கிறாள். எடுத்தது அருள்தான். ஆனால் ஒரே இரைச்சல். அவள் கத்திச் சொல்ல, அவன் என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். போனைப் பிள்ளையின் வாய்ப்பக்கம் வைத்திருக்கிறாள். பிள்ளை நன்றாகவே அழுதிருக்கிறது. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

“மழ பெய்யுது, ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிடுன்னாரு. நடுக்கடல்ல மழையான்னு நான் பயந்தே போயிட்டேன். திரும்பக் கூப்பிட்டா, மாவு சலிக்க மாதிரிதான் இருந்துச்சு. பிள்ள அழுதத அஞ்சு நிமிசம் கேட்டாரு. இன்னொருத்தரு வாங்கிக் கேட்டாரு. அப்புறம் இன்னொருத்தரு. ஏழு பேருக்கும் கொடுத்தாரு போல.”

நான் சாலையோரத்தில் இறங்கி நின்றேன். மழை என்றால் அறுபது கிலோமீட்டர். மாவு சலிக்கிற சத்தம் என்றால் நாற்பத்தைந்துகூட இருக்காது. இடையில் ஒரு மணி நேரம். கடலில் மழை எதுவும் பெய்யவில்லை. போட்ட வலையை மிதக்க விட்டுவிட்டு லாஞ்சைக் கரைப்பக்கம் திருப்பியிருக்கிறார்கள், ஒரு பிள்ளையின் அழுகை கேட்கும் தூரம் வரைக்கும்.

டிரைவர் ஹாரன் அடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். அல் ஐனுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான், நாளைக்குக் காலை ஏழு மணிக்கு டூட்டி. ரெஜினாவைத் திரும்பக் கூப்பிட்டு, லாஞ்சு கரைக்கு வந்ததும் போனைக் கழற்றி சலீமின் வண்டியில் மாட்ட அருளுக்கு நினைவூட்டும்படி சொன்னேன். அந்த ஒட்டகம் குட்டி போடுவதற்குள் மாட்டிவிட வேண்டும்.